பீரியடில் நமக்கு ஆறு நிமிடம்தான்

எனக்கு நடந்த முதல் கூத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வாரம், எட்டாம் வகுப்பு அறிவியல் டீச்சர் ஒரு வீடியோ போட்டுக் காட்டச் சொன்னார். கரண்ட் இருந்தது, ப்ரொஜெக்டர் எரிந்தது, லேப்டாப் ஓடியது, படம் மட்டும் திரைக்கு வரவில்லை. கேபிளைப் பிடுங்கிச் சொருகினேன், ரீஸ்டார்ட் கொடுத்தேன், அது நேரம் பார்த்து அப்டேட் போட ஆரம்பித்தது. ஒருவழியாகப் படம் வந்தபோது பதினேழு நிமிடம் போயிருந்தது, அதிலும் சத்தம் வரவில்லை, சத்தம் வந்தபோது மணி அடித்துவிட்டது. டீச்சர் திட்டவில்லை. "பரவாயில்லம்மா, நாளைக்கு நான் போர்டுலயே நடத்திக்கிறேன்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் மறுபடி லேப் பக்கம் வர ஒன்றரை வருடம் ஆனது.

அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் ஹைடெக் லேபை, அதாவது கம்ப்யூட்டரும் ப்ரொஜெக்டரும் இருக்கிற அறையை, பார்த்துக்கொள்வது என் வேலை. நான் ஆசிரியர் இல்லை, கிளார்க்கும் இல்லை. பிள்ளைகளுக்கு 'லேப் மிஸ்', அவ்வளவுதான். என்னைப் போல் லேப் பார்ப்பவர்கள், மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்றுநர்கள், தன்னார்வலர்கள் என்று வகுப்பின் ஓரத்தில் நின்று வேலை செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன, கையேடுகள் வருகின்றன. ஓரத்தில் நிற்பவருக்கு யாரும் எதுவும் சொல்லித் தருவதில்லை.

பொருள் இல்லை என்று இப்போது சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் 2018-ல் வர ஆரம்பித்த புதிய பாடநூல்களில் க்யூ.ஆர். கோடு இருக்கிறது. 6,000-க்கும் மேற்பட்ட உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஹைடெக் லேப் வந்தது. தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகள் என்று திட்டம் போட்டார்கள், 2023-ல் பாட வீடியோக்களுக்கான மணற்கேணி செயலி வந்தது, தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு டேப்லெட்டும் வந்தது. பொருளுக்கும் பாடத்துக்கும் நடுவே இருக்கிற அந்தப் பதினேழு நிமிடத்தை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் பாக்கி. அது நம் வேலை.

முதலில் எதையும் ஆன் செய்யாதீர்கள்

புதிதாகச் சேர்ந்தவர்கள் செய்கிற முதல் தப்பு, ஸ்டாஃப் ரூமுக்குப் போய் "டீச்சர், ஸ்மார்ட் போர்டு யூஸ் பண்ணலாமா?" என்று கேட்பது. இதற்கு "பார்க்கலாம்மா" என்ற பதில்தான் வரும். 'பார்க்கலாம்' என்றால் இல்லை என்று அர்த்தம். இதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. "இந்த மாசப் பாடத்துல பசங்க எந்த இடத்துல முழிக்கிறாங்க சார்?" என்று கேளுங்கள். இதற்குப் பதில் சொல்லாத ஆசிரியரை நான் இதுவரை பார்த்ததில்லை. எங்கள் பள்ளியில் ஒரு கணக்கு சார் இருந்தார், இருபத்தைந்து வருட சர்வீஸ், காம்பஸ் இல்லாமல் போர்டில் வட்டம் போடுவார், அது வட்டமாகவே இருக்கும். லேப் என்றாலே அவருக்கு இளக்காரம். அவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டபோது யோசிக்காமல் சொன்னார்: "ஒன்பதாவதுல முக்கோணவியல். சைன் மதிப்பு ஏன் ஒன்றைத் தாண்டாதுன்னு எத்தனை தடவை சொன்னாலும் மனப்பாடம்தான் பண்றாங்க."

அன்று மாலை ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் ஒரு செங்கோண முக்கோணம் போட்டேன். கர்ணத்தின் நீளம் மாறாது, கோணத்தை மட்டும் இழுக்கலாம். கோணம் பெரிதாகப் பெரிதாக எதிர்ப்பக்கம் வளர்ந்துகொண்டே போய் கர்ணத்தை எட்டப் பார்க்கும், 90 டிகிரியில் இரண்டும் ஒன்றாகிவிடும், அதற்கு மேல் போக இடமே இல்லை. இதைக் காட்ட ஆறு நிமிடம் ஆகிறது. மறுநாள் சார் அந்த ஆறு நிமிடத்தை எடுத்துக்கொண்டார், மீதியைத் தன் சாக்பீஸால் நடத்தினார். முடிந்ததும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவரே வந்து "தொடுகோட்டுக்கு இந்த மாதிரி ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். ஸ்டாஃப் ரூமில் அவர் வாயால் ஒரு வார்த்தை வந்தது, அதற்கப்புறம் நான் யாரிடமும் போய்க் கேட்க வேண்டியிருக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன், தொழில்நுட்ப ஆர்வம் உள்ள இளைய ஆசிரியரை முதலில் பிடிக்காதீர்கள், அவர் எப்படியும் வருவார். எல்லோரும் மதிக்கிற பழைய ஆளிடம் போங்கள்.

ஜியோஜீப்ரா இலவசம். 2001-ல் ஆஸ்திரியாவில் மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் என்பவர் தன் மாணவப் பருவத்து ஆய்வுக்காக ஆரம்பித்தது. நிறுவி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமல் ஓடும், மெனுவைத் தமிழுக்கும் மாற்றிக்கொள்ளலாம். அறிவியலுக்கு ஃபெட் என்ற பெயரில் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் தருகிற உருவகங்கள், அதாவது சோதனையைத் திரையிலேயே செய்து பார்க்கிற சிமுலேஷன்கள், இருக்கின்றன. நோபல் பரிசு வாங்கிய இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-ல் தொடங்கியது. நம்மைப் போன்றவர்களுக்கு இதில் பெரிய வசதி ஒன்று உண்டு. புது உருவகங்கள் ஒவ்வொன்றையும் ஒரே ஃபைலாக இறக்கிப் பென் டிரைவில் போட்டுக்கொள்ளலாம், பிரவுசரில் திறந்தால் போதும், நெட் தேவையில்லை. பலவற்றுக்குத் தமிழ் வடிவமும் இருக்கிறது, ஆனால் கலைச்சொல் சில இடங்களில் நம் பாடநூலோடு ஒத்துப்போகாது. முன்னாலேயே பார்த்து ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பிள்ளைகள் முன்னால் அவர் தடுமாற வேண்டியிருக்கும்.

ஆறு நிமிடம் என்று நான் சொல்வது ஒரு கணக்குதான். 40 நிமிட பீரியடில் வருகைப்பதிவு, போன வகுப்பு ஞாபகமூட்டல், நோட்டு எடுப்பது எல்லாம் போக மிச்சம் 25 நிமிடம். அதில் திரை பத்தைத் தாண்டினால் பாடம் சினிமாவாகிவிடும். பிள்ளைகள் அமைதியாக இருப்பார்கள், அதைப் பார்த்து நாம் ஏமாந்துவிடக் கூடாது.

படத்தை ஓட விடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்க வேண்டும். மின்சுற்றுப் பாடத்தில் ஃபெட்டில் ஒரு பல்பை எரியவைத்து நிறுத்திவிட்டு, "இன்னொரு பல்பைத் தொடர் இணைப்புல சேர்த்தா முதல் பல்பு என்ன ஆகும்? நோட்டுல எழுதுங்க" என்று டீச்சரைக் கேட்கச் சொன்னேன். பாதிப் பேர் 'அப்படியே எரியும்' என்று எழுதினார்கள். அப்புறம் இணைத்துக் காட்டியபோது, இரண்டும் மங்கியதைப் பார்த்து எழுந்த சத்தம் பக்கத்து வகுப்பு வரை கேட்டது. பக்க இணைப்பில் என்ன ஆகும் என்று அவர்களே கேட்க ஆரம்பித்தார்கள். அதே உருவகத்தைக் கேள்வி இல்லாமல் காட்டிய வகுப்பில் "மிஸ், பேட்டரிக்குத் தீப்பிடிக்க வைங்க மிஸ்" என்ற கோரிக்கைதான் வந்தது. (வைக்கலாம். வயரை நேராகச் சேர்த்தால் நெருப்பு வரும். பாடம் முடிந்தபிறகு காட்டுங்கள்.)

முந்தின நாள் வேலை

நெட்டை நம்பாதீர்கள். அது இருக்கும் என்று யார் உறுதி சொன்னாலும் நம்பாதீர்கள். வீடியோ என்றால் செயலியிலேயே ஆஃப்லைனில் சேமித்து வையுங்கள். ஒரு தடவை நேரடியாக யூடியூபில் போட்டபோது செரிமான மண்டலத்துக்கு முன்னால் ஒரு ஆன்லைன் ரம்மி விளம்பரம் வந்தது, எச்.எம். அந்த நேரம் பார்த்து ரவுண்ட்ஸ் வந்தார். அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை, கேட்காதீர்கள்.

பாடநூல் க்யூ.ஆர். கோடாக இருந்தாலும் முந்தின நாளே ஸ்கேன் செய்து, திறக்கிறதா, நாம் நினைத்த பாடம்தானா என்று பாருங்கள். கேமரா பிடிக்கவில்லை என்றால் கோடுக்குக் கீழே இருக்கிற ஆறு எழுத்தை, மத்திய அரசு பாடப்பொருளுக்காக நடத்துகிற தீக்‌ஷா தளத்தில் தட்டினால் அதே இடத்துக்குப் போகும். பழைய பிரதிகளில் அச்சு மங்கியிருக்கும்போது இது கைகொடுக்கும்.

அப்புறம் ஃபான்ட். இதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதலாம். ஆசிரியர் வீட்டுக் கம்ப்யூட்டரில் அழகாகத் தட்டிக் கொண்டுவந்த ஃபைலை லேபில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். பாமினி, வானவில் மாதிரியான பழைய எழுத்துருக்களில் தட்டியதால் வருகிற வினை. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, மேலே தமிழ் வேஷம். அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் வேஷம் கலைந்துவிடும். எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே தெரிகிற யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-லேயே தரமாக ஏற்றுக்கொண்டாயிற்று, ஆனால் கேள்வித்தாள் தட்டுகிற கைகளுக்கு அது இன்னும் எட்டவில்லை. அவசரத்துக்கு, அவரை வீட்டிலேயே பி.டி.எஃப். ஆக்கிக் கொண்டுவரச் சொல்லுங்கள். நிரந்தரத் தீர்வுக்கு என்.எச்.எம். கன்வர்ட்டர் மாதிரி ஒரு மாற்றியை லேபில் போட்டு வைத்து, பழைய ஃபைல்களை ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றிக் கொடுங்கள். புது விண்டோஸில் தமிழ் 99 விசைப்பலகை உள்ளேயே வருகிறது. தட்டச்சே வேண்டாம் என்பவருக்குப் போனில் மைக்கை அழுத்திப் பேசினால் தமிழில் எழுதிவிடும் என்று காட்டிக் கொடுங்கள், சந்திப்பிழையை மட்டும் அவர் திருத்திக்கொள்ளட்டும்.

இது வகுப்பறைத் தொழில்நுட்பம் இல்லையே என்று தோன்றும். ஆனால் என் அனுபவத்தில், ஓர் ஆசிரியர் லேபை நம்ப ஆரம்பிப்பது அவருடைய கேள்வித்தாள் பிரச்சினையை நாம் தீர்த்த நாளிலிருந்துதான். ஃபான்ட் பற்றி இன்னொரு காரணமும் இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

மணிக்கு ஐந்து நிமிடம் முன்னால்

என் பையில் எப்போதும் இருப்பவை: எச்.டி.எம்.ஐ. கேபிள், பழைய ப்ரொஜெக்டருக்கு வி.ஜி.ஏ. மாற்றி, ஜங்ஷன் பாக்ஸ், இன்சுலேஷன் டேப், டெஸ்டர், வயர்லெஸ் மவுஸும் அதற்கு ஒரு உபரி பேட்டரியும், துடைக்கப் பழைய பனியன் துணி. பாடத்தின் ஃபைல்கள் பென் டிரைவில் ஒரு பிரதி, என் போனில் ஒரு பிரதி.

முதல் பத்தியில் சொன்ன கதைக்கு வருகிறேன். படம் வராததற்குக் காரணம், லேப்டாப் 'என் திரை மட்டும்' என்ற நிலையில் இருந்ததுதான். விண்டோஸ் பட்டனையும் பி எழுத்தையும் சேர்த்து அழுத்தி 'டூப்ளிகேட்' என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தால் மூன்று வினாடியில் முடிந்திருக்கும். சத்தம் வராததற்கும் காரணம் எளிது. எச்.டி.எம்.ஐ. சொருகினால் சத்தமும் ப்ரொஜெக்டருக்குப் போய்விடும், அங்கே ஸ்பீக்கர் இருக்காது, இருந்தாலும் கொசு மாதிரி கேட்கும். ஸ்பீக்கர் ஐகானை அழுத்தி வெளியீட்டை மாற்ற வேண்டும். இந்த இரண்டையும் தெரிந்துகொள்ள நான் பதினேழு நிமிடமும் ஓர் ஆசிரியரின் நம்பிக்கையும் செலவழித்தேன், நீங்கள் சும்மா எடுத்துக்கொள்ளுங்கள்.

திரையைப் போட்டதும் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து பாருங்கள். நின்று பார்க்கக் கூடாது. உட்கார்ந்து, முன்னால் ஒரு பையனின் தலை இருப்பதாக நினைத்துக்கொண்டு பாருங்கள். திரையின் கீழ்ப்பகுதி தெரியவே தெரியாது, அதனால் முக்கியமானதை எல்லாம் மேல் பாதியில் வையுங்கள். தமிழ் எழுத்தின் ஃபான்ட் அளவு 28-க்குக் குறைந்தால் பின்னால் 'ன'வும் 'ண'வும் ஒன்றுதான்.

போனைத் திரையோடு இணைப்பதாக இருந்தால் 'தொந்தரவு செய்யாதே' போடாமல் இணைக்காதீர்கள். பத்தாம் வகுப்பில் கார்பன் சேர்மங்கள் நடந்துகொண்டிருந்தபோது டீச்சருடைய போனில் "வரும்போது கத்தரிக்காயும் கருவாடும் வாங்கிட்டு வா" என்று மேலே ஓடியது. அந்த வருடம் முழுக்க அந்த வகுப்புக்கு கார்பன் என்றால் கருவாடுதான்.

முடிந்ததும், பல்பு வைத்த ப்ரொஜெக்டராக இருந்தால் அணைத்தவுடன் சுவிட்சைத் தட்டிவிடாதீர்கள். உள்ளே விசிறி ஓடி பல்பு ஆறட்டும். அடுத்த பீரியட் பி.டி. என்று பிள்ளைகள் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஓடுவார்கள், அங்கே நிற்க வேண்டியது நாம்தான்.

பாடம் நடக்கும்போது எங்கே நிற்பது

போர்டு பக்கத்தில் நிற்காதீர்கள். அங்கே நின்றால் பிள்ளைகள் ஆசிரியரை விட்டுவிட்டு நம்மைப் பார்ப்பார்கள், ஆசிரியரும் தன் வகுப்பில் தானே விருந்தாளி மாதிரி உணர்வார். பின்பக்கச் சுவரை ஒட்டி, அவர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நில்லுங்கள். அவர் மவுஸைப் பிடித்துத் தடுமாறினால் கையிலிருந்து வாங்காதீர்கள். இதை எழுதுவது சுலபம், செய்வது கஷ்டம், கை பரபரக்கும். "மேல வலது பக்கம் சார்" என்று வாயால் சொல்லுங்கள். ஒரு முறை நாம் வாங்கிவிட்டால் வருடம் முழுக்க நாம்தான் கிளிக் செய்ய வேண்டியிருக்கும்.

ஏதாவது நின்றுபோனால் இரண்டு நிமிடம். அதற்குள் சரியாகவில்லை என்றால் திரையை அணைத்துவிடுங்கள், ஆசிரியர் போர்டுக்குப் போகட்டும். இதை வகுப்புக்கு முன்னாலேயே அவரோடு பேசி வைத்துக்கொள்ள வேண்டும். எங்களுக்குள் ஒரு சைகை உண்டு: நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் 'இன்றைக்கு இது தேறாது, நீங்கள் நடத்துங்கள்' என்று அர்த்தம். இதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. கரண்ட் போனால் யு.பி.எஸ். தாங்குகிற நேரம் சேவ் செய்து ஒழுங்காக அணைப்பதற்குத்தான், பாடம் நடத்துவதற்கு இல்லை.

லேபில் இருபது கம்ப்யூட்டர், வகுப்பில் நாற்பது பேர் என்றால் ஒரு மெஷினுக்கு இரண்டு பேர். அப்படியே விட்டால் ஒருவர் மவுஸைப் பிடித்துக்கொள்வார், மற்றவர் வேடிக்கை பார்ப்பார். ஆண், பெண் சேர்ந்து உட்கார்ந்தால் பெரும்பாலும் பையன் கையில் மவுஸ், பெண் கையில் நோட்டு. நான் ஒரு விதி வைத்திருக்கிறேன்: மவுஸ் வைத்திருப்பவர் தன் இஷ்டத்துக்கு எதுவும் செய்யக்கூடாது, பக்கத்தில் இருப்பவர் சொல்வதை மட்டும்தான் செய்ய வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நான் மேசையைத் தட்டுவேன், கை மாற வேண்டும். முதல் இரண்டு வாரம் சண்டை வரும், அப்புறம் சரியாகிவிடும்.

யாருக்குத் தெரியவில்லை, யாருக்குக் கேட்கவில்லை

ஆசிரியர் முன்னால் பார்ப்பார், நாம் பின்னால் நிற்கிறோம். அவருக்குத் தெரியாத சிலது நமக்குத் தெரியும். ஏழாம் வகுப்பில் ஒரு பெண்ணுக்குக் காது கேட்பது குறைவு, டீச்சரின் உதட்டைப் பார்த்துத்தான் பாதியைப் புரிந்துகொள்வாள். படம் பளிச்சென்று தெரியட்டும் என்று நான் விளக்கையெல்லாம் அணைத்துவிடுவேன். டீச்சர் இருட்டில் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பார். அந்தப் பெண்ணுக்கு அந்த நிமிடமே பாடம் முடிந்துவிட்டது. வட்டார வள மையத்திலிருந்து வருகிற சிறப்புப் பயிற்றுநர் அக்கா ஒரு நாள் பின்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டு இதைச் சொன்னபோது எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இப்போது டீச்சர் நிற்கிற இடத்துக்கு மேலே இருக்கிற லைட்டை அணைப்பதில்லை, திரைக்கு நேரே உள்ளதை மட்டும் அணைக்கிறேன், தமிழ் எழுத்து கீழே ஓடுகிற வீடியோ கிடைத்தால் அதைத்தான் போடுகிறேன்.

பார்வை இல்லாத பையன் ஒருவன் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தபோது லேபில் அவனுக்கு என்ன வேலை இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்தோம், நானும். என்.வி.டி.ஏ. என்று, திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்கிற ஒரு திரைவாசிப்பான் இருக்கிறது, இலவசம். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன், ஜேம்ஸ் டே என்ற பார்வையற்ற நண்பர்கள் இருவர் 2006-ல் ஆரம்பித்தது. கூடவே வருகிற குரல் தமிழும் படிக்கும், ரோபோ மாதிரி இருக்கும், பையன் இரண்டே நாளில் பழகிக்கொண்டான். எனக்குத்தான் இன்னும் புரியவில்லை, அவ்வளவு வேகமாக வைத்துக் கேட்கிறான். கீபோர்டில் எஃப், ஜே எழுத்துகளில் இருக்கிற சின்ன மேடு எதற்கு என்று எனக்கு அவனால்தான் உறைத்தது. ஹெட்செட்டை ஒரு காதில் மட்டும் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், மற்றக் காது டீச்சருக்கு.

இங்கேதான் ஃபான்ட் மறுபடி வருகிறது. சமூக அறிவியல் நோட்ஸை அவனுக்கென்று பென் டிரைவில் கொடுத்தார்கள், எல்லாம் பாமினி. திரையில் 'அம்மா' என்று தெரிகிற இடத்தில் உள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். திரைவாசிப்பான் பார்ப்பது உள்ளே இருப்பதைத்தான். நாற்பது பக்கம் நோட்ஸ் அவனுக்கு ஆங்கிலக் குப்பையாகக் கேட்டது. அதை யூனிகோடுக்கு மாற்ற எனக்கு ஒரு மதியம் ஆனது. உங்கள் பள்ளியில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் முதலில் செய்ய வேண்டியது இதுதான், மற்றதெல்லாம் அப்புறம்.

இன்னொன்று ஆசிரியரிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும். திரையைக் காட்டி "இதைப் பாருங்க, இங்கிருந்து இங்க போகுது" என்றால் அவனுக்கு ஒன்றும் போய்ச் சேராது. "இடது ஆரிக்கிள்ல இருந்து இடது வென்ட்ரிக்கிளுக்கு ரத்தம் போகுது" என்று சொன்னால் அவனுக்கும் புரியும், தூங்கி வழிகிற கடைசி பெஞ்சுக்கும் புரியும். வகுப்பு முடிந்த பிறகு, தனியாக, "டீச்சர், 'இது'ன்னு சொல்ற இடத்துல பேர் சொல்லிட்டா அவன் பிடிச்சுக்கிறான்" என்று சொல்லிப் பாருங்கள். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

ஒரே ஒரு போன் இருந்தால்

லேபை வேறு வகுப்பு எடுத்துக்கொண்டது, கையில் ஒரு லேப்டாப், ஒரு போன். அதுவே தாராளம். வெர்னியர் அளவியை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒன்பதாம் வகுப்பு அளவீட்டுப் பாடத்தில் அதன் கோடுகளை நாற்பது பேருக்கும் காட்ட வேண்டும், ஒவ்வொரு பெஞ்சாகக் கொண்டுபோனால் பீரியட் போய்விடும். இரண்டு பக்கமும் புத்தகத்தை அடுக்கி, குறுக்கே ஸ்கேல் வைத்து, போனைக் கேமரா கீழே பார்க்கும்படி படுக்கவையுங்கள். கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, ஸ்கிரீன் காப்பி (scrcpy) என்று சொல்கிற இலவச மென்பொருளை ஓட்டினால் ஆண்ட்ராய்டு போன் திரை அப்படியே ப்ரொஜெக்டரில் வரும். போனில் டெவலப்பர் ஆப்ஷனுக்குள் யு.எஸ்.பி. டீபக்கிங்கை ஆன் செய்திருக்க வேண்டும். வெர்னியர் கோடு சுவர் அளவுக்குத் தெரியும்போது 'எந்தக் கோடு எந்தக் கோட்டோடு ஒன்றுகிறது' என்பதில் சண்டையே வராது.

பிள்ளைகளுக்குப் புரிந்ததா என்று பார்க்க பிளிக்கர்ஸ் அட்டைகள் நல்ல வழி. ஒவ்வொருவர் கையிலும் ஒரு காகித அட்டை, எந்தப் பக்கத்தை மேலே தூக்குகிறார்களோ அதுதான் பதில், பிளிக்கர்ஸ் செயலியைத் திறந்து போன் கேமராவை வகுப்பு முழுக்க ஒரு சுற்று காட்டினால் எல்லோர் பதிலும் பதிவாகிவிடும். ஒவ்வோர் அட்டையும் வேறு மாதிரி என்பதால் பக்கத்தில் பார்த்துத் தூக்குவது கஷ்டம். அட்டை நெடுநாள் வரட்டும் என்று பளபளப்பான லேமினேஷன் போட்டுவிடாதீர்கள், வெளிச்சம் பட்டுக் கேமரா திணறும். நான் போட்டு, பணம் போனது. பிள்ளைகளின் பெயரைப் போடாமல் எண்ணை மட்டும் போடுங்கள். 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயதுக்குக் கீழே எல்லோரும் குழந்தைகள்தான், அவர்களுடைய விவரத்தைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும். மெயில் ஐ.டி. கேட்கிற, போட்டோ கேட்கிற செயலியைப் பிள்ளைகளுக்குத் திறக்கவே திறக்காதீர்கள். லேபில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிற படத்தை ஸ்டேட்டஸில் போடுகிற பழக்கமும் வேண்டாம்.

வேண்டாம் என்று சொல்வதும் நம் வேலை

மஞ்சள் நிறங்காட்டி என்ற பாடத்துக்கு வீடியோ கேட்டார்கள். "வேண்டாம் டீச்சர், நாளைக்கு மஞ்சள்தூளும் சோப்புத் தண்ணியும் கொண்டுவர்றேன்" என்றேன். காகிதத்தில் பூசிய மஞ்சள் கண்ணெதிரே சிவப்பாவதற்கு முன்னால் எந்தத் திரையும் நிற்காது. நிழலில்லா நாளும் அப்படித்தான். சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்டு 18 வாக்கில் நண்பகலில் செங்குத்தாக நட்ட குச்சிக்கு நிழல் விழாது, மற்ற ஊர்களுக்குத் தேதி முன்னே பின்னே இருக்கும். ஏப்ரலில் பரீட்சை, ஆகஸ்டில் மேகம், இருந்தாலும் குச்சியோடு மைதானத்துக்குப் போங்கள். ஏன் அப்படி ஆனது என்று காட்ட, வானத்தைத் திரையில் காட்டுகிற ஸ்டெல்லேரியம் என்ற மென்பொருளை அதற்கப்புறம் திறக்கலாம், இரண்டு நிமிடம் போதும்.

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். எந்த வகுப்பு, எந்தப் பாடம், எந்த ஃபைல், எத்தனை நிமிடம், எது சொதப்பியது. நம்மை ஆன்லைன் பதிவேற்ற வேலைக்கென்று ஆபீஸ் ரூமில் உட்காரவைத்துவிடுவார்கள், வாரக்கணக்கில் லேப் பூட்டியிருக்கும், "லேப் ஏன் நடக்கலை?" என்று பிறகு அவர்களே கேட்கும்போது அந்த நோட்டுதான் பேசும். அதைவிட முக்கியம், அடுத்த வருடம் அதே பாடம் வரும்போது ஆசிரியர் கேட்பதற்கு முன்னால் ஃபைலை எடுத்துக் கொடுக்கலாம்.

மே விடுமுறைக்குப் பூட்டும்போது எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டுப் போங்கள், கோடை இடிக்கு சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. எலி வரும், கேபிளைத் தரையில் போடாதீர்கள். ஜூனில் திறந்ததும் முதலில் ஒவ்வொரு மெஷினிலும் தேதியைப் பாருங்கள். பழைய மெஷின்களில் உள்ளே இருக்கிற காசு மாதிரி பேட்டரி இறந்திருக்கும், கடிகாரம் பல வருடம் பின்னால் போயிருக்கும், தேதி தப்பாக இருந்தால் பாதித் தளங்கள் 'பாதுகாப்பில்லை' என்று திறக்க மறுக்கும், நெட் போச்சு என்று நினைத்துக்கொண்டு நாம் கம்பெனிக்குப் போன் போட்டு மூன்று நாள் காத்திருப்போம். சி.ஆர். 2032 என்று கேட்டால் வாட்ச் கடையில் கிடைக்கும். நான் ஒரு பட்டையாகவே வாங்கி வைத்திருக்கிறேன்.